252 பேரில் 17: கிரேக்க நோயாளிகளின் வாய் சொன்ன கணக்கு

கேள்வி கேட்டவர் பல் மருத்துவம் இறுதியாண்டு படிப்பவர். அவருடைய பெரியம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அடுத்த மாதம் முதல், எலும்பு கரையாமல் காக்கும் ஸோலெட்ரோனிக் அமில ஊசி போடப் போகிறார்கள். அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று தேடிப் படித்தால் திரும்பத் திரும்பக் கிரேக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளே கண்ணில் படுகின்றனவாம். "ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டின் கணக்கு நமக்குப் பொருந்துமா? கிரேக்கர்களின் வாயில் அப்படி என்ன தனி?" என்று கேட்கிறார். ஈறு வலுப்பட ரூமி மஸ்தகி என்ற மரப்பிசினை மெல்லும்படி உறவினர் ஒருவர் சொன்னாராம். அதுவும் கிரேக்கச் சரக்குதானே, பெரியம்மாவுக்குக் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

பெரியம்மாவின் விஷயத்தில் பொருந்தும். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் கிரேக்கத்திலிருந்து வரும் எல்லாப் பல் ஆய்வுகளும் இதே அளவுக்குப் பொருந்தாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நாளை கொரியாவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ ஓர் ஆய்வு வந்தாலும் உங்களுக்குக் குழப்பம் இருக்காது. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நோய். இந்த ஊசிகளால் வரும் தாடை எலும்பு அழுகலை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். நோயாளி எப்போதும் வலி என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நாக்கு அங்கே போனால் சொரசொரவென்று ஏதோ தட்டுகிறது டாக்டர்" என்பார். விளக்கைத் திருப்பிப் பார்த்தால், எப்போதோ பல் பிடுங்கிய இடத்தில் ஈறு மூடாமல் விலகியிருக்கும். நடுவில் பழுப்பேறிய மஞ்சள் நிறத்தில் எலும்பு தெரியும். கருவியின் முனையால் லேசாகத் தட்டினால் காய்ந்த மரத்தைத் தட்டுவது போன்ற ஓசை வரும், இரத்தம் வராது. நான் முதன்முதலில் பார்த்தபோது ஏதோ எலும்புத் துணுக்கு தங்கிவிட்டது என்று நினைத்து அதை எடுத்துவிடப் பார்த்தேன். செய்யக் கூடாத காரியம் அது. தோண்டத் தோண்டப் புண் பெரிதாகும். தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்காதவரிடம், இந்த வகை மருந்து எடுத்தவரிடம், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு இப்படி வெளியே தெரிந்தால் அதுதான் இந்த நோய்.

2003இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை மருத்துவர் இப்படிப்பட்ட 36 பேரைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு நியூயார்க் பகுதியிலிருந்து 63 பேர் பற்றிய அறிக்கை வந்தது. உலகம் முழுவதும் பல் மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கு என்ன சொல்ல முடியும்? 36 பேர் என்றால் எத்தனை பேரில் 36? ஆயிரத்திலா, லட்சத்திலா? பள்ளிக்கூடப் பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மார்க்ஸிடம் தொகுதி இருந்தது, பகுதி இல்லை. அவர் மேல் குற்றமில்லை. புண் வந்தவர்கள்தான் அறுவை மருத்துவரிடம் வருவார்கள், வராதவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

ஏதென்ஸ் நுழைவது இந்த இடத்தில்தான். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவர்கள், அரிஸ்டாட்டிலிஸ் பாமியாஸ் முதல் ஆசிரியராக, 2005இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அவர்கள் புண்ணிலிருந்து தொடங்காமல் ஊசியிலிருந்து தொடங்கினார்கள். 1997 தொடக்கம் முதல் பிஸ்பாஸ்பொனேட் வகை ஊசி (ஸோலெட்ரோனிக் அமிலமும் இந்த வகைதான்) போட்டுக்கொண்ட 252 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் யாருக்கெல்லாம் தாடை எலும்பு அழுகியது என்று பார்த்தார்கள். 17 பேருக்கு, அதாவது 6.7 சதவீதம். மைலோமா நோயாளிகளை மட்டும் பிரித்தால் 111 பேரில் 11, கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். மார்பகப் புற்றுநோயில் 70 பேரில் 2 பேர்தான்.

பெரியம்மாவுக்கு மைலோமா என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் மேலே "இந்த வாரமே" என்றேன்.

அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டியது. ஒன்று, காலம். ஊசி தொடங்கி ஓராண்டுக்குள் இருந்தவர்களிடம் 1.5 சதவீதமாக இருந்த நிகழ்வு, மூன்றாண்டைத் தாண்டி நான்காவது ஆண்டில் இருந்தவர்களிடம் 7.7 ஆக ஏறியிருந்தது. மருந்து எலும்பில் சேர்ந்துகொண்டே போகிறது, சேர்ந்தது லேசில் வெளியேறுவதில்லை. இரண்டு, தூண்டுதல். புண் வந்த 17 பேரில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் முந்தைய ஓராண்டுக்குள் பல் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அல்லது பல்செட் போட்டவர்கள். இந்தப் பல்செட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மஸ்தகியோடு திரும்பி வருவேன்.

அதே பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனைக் குழு, மெலெட்டியோஸ் டிமோபுலோஸ் தலைமையில், 2009இல் அடுத்த படியை வெளியிட்டது. ஊசி தொடங்குமுன் வாயைச் சீர்செய்துவிட்டால் நோய் குறையுமா என்பது கேள்வி. ஸோலெட்ரோனிக் அமிலம் எடுத்த 128 மைலோமா நோயாளிகள். முன்னெச்சரிக்கைப் பழக்கம் வருவதற்கு முன் ஊசி தொடங்கியவர்கள் 38 பேர், பிறகு தொடங்கியவர்கள் 90 பேர். முதல் கூட்டத்தில் 26.3 சதவீதம் பேருக்குப் புண் வந்தது, இரண்டாவதில் 6.7 சதவீதம்.

நான்கு மடங்கு குறைவு என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். முதல் கூட்டம் கூடுதல் காலம் ஊசியில் இருந்த கூட்டம், புண் வர அவர்களுக்கு அதிக அவகாசம் இருந்தது. அதை அவர்களே உணர்ந்து, நோயாளி–மாதம் என்ற அளவில் (ஒருவர் ஒரு மாதம் இருந்தால் ஒரு நோயாளி–மாதம்) மறுபடி கணக்கிட்டார்கள். நூறு நோயாளி–மாதங்களுக்கு 0.671 என்று இருந்தது 0.230 ஆகக் குறைந்தது. அப்படிப் பார்த்தால் மூன்று மடங்கு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை இது, முன்–பின் ஒப்பீடுதான். இடையில் மருத்துவர்களின் கவனமும் கூடியிருக்கும், வேறு சிகிச்சைகளும் மாறியிருக்கும். ஆனாலும் செய்யச் சொல்வது பல்லைப் பார்த்துக்கொள்வதை மட்டும்தான். அதனால் கெடுதல் ஏதும் இல்லை என்பதால், இந்த அளவு சான்றே எனக்குப் போதும்.

இந்த முடிவு ஏன் ஏதென்ஸிலிருந்து நம்மூருக்கு வரலாம்? மருந்து செயல்படும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்களை அது முடக்குகிறது. உடலின் மற்ற எலும்புகளைவிடத் தாடை வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் எலும்பு, அதனால் மருந்து அங்கே அதிகம் சேர்கிறது. மேலே இருப்பதோ மெல்லிய ஈறு. அதையும் கிழித்துக்கொண்டு பல் நிற்கிறது, சுற்றிலும் கிருமி. இந்த அமைப்பு கிரேக்கருக்கும் நமக்கும் ஒன்றுதான். மாறக்கூடியது நோய் வரும் விகிதம். சொத்தையும் ஈறு நோயும் அதிகமுள்ள ஊரில் விகிதம் கூடலாமே தவிரக் குறையக் காரணமில்லை. ஒரு விஷயம்: இது மாதம் ஒருமுறை போடும் 4 மில்லிகிராம் புற்றுநோய்க் கணக்கு. எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கொரு முறை போடும் ஊசியில் ஆபத்து மிக மிகக் குறைவு. இரண்டையும் குழப்பிப் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பயமுறுத்திவிடாதீர்கள்.

இனி பொருந்தாத ஒன்றைப் பார்ப்போம். கிரேக்கக் குழந்தைகளின் பல் சொத்தை பற்றிய தேசிய ஆய்வு 2012இல் வெளியானது. 5, 12, 15 வயதுப் பிள்ளைகளை நாடெங்கும் பரிசோதித்தார்கள். 12 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 15 வயதில் 29 சதவீதம் பேருக்கும்தான் சொத்தை இல்லை. பழுதானவை, பிடுங்கியவை, அடைத்தவை என்று கூட்டினால் 12 வயதில் சராசரி 2.05 பல், 15 வயதில் 3.19. கிராமத்துப் பிள்ளைகளும் படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளும் பின்தங்கியிருந்தார்கள். 12 வயதை எதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தேர்வில் கேட்பார்கள்: ஞானப்பல் தவிர நிரந்தரப் பற்கள் ஏறத்தாழ எல்லாம் முளைத்திருக்கும் வயது, பிள்ளைகளைப் பள்ளியிலேயே பிடித்துவிடலாம்.

இந்த 2.05ஐ எடுத்துக்கொண்டு வந்து மதுரையிலோ மட்டக்களப்பிலோ வைக்க முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் கிரேக்கத்தின் இனிப்புக் கடை இருக்கிறது, குடிநீரில் ஃப்ளூரைடு சேர்க்காத கொள்கை இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதன் பணப்பை இருக்கிறது. கிரேக்கத்தில் 1983இல் தேசிய சுகாதார அமைப்பு வந்தது. பல் சிகிச்சை மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் தனியார் கையில், நோயாளியின் சொந்தக் காசில் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே பல் மருத்துவர்கள் அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. தெருவுக்குத் தெரு பலகை தொங்கும். ஆனாலும் தேவை இருந்தும் பல் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுவோர் பட்டியலிலும் அந்த நாடு முன்வரிசையில்தான் நிற்கிறது. 2010க்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டபோது குடும்பங்கள் முதலில் தள்ளிப்போட்ட செலவுகளில் பல்லும் ஒன்று. 2023இல் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 40 யூரோ மதிப்புள்ள பல் பரிசோதனைச் சீட்டு ஒன்றை அரசு கொடுத்தது. மருத்துவர் எண்ணிக்கை கூடினால் வாய் ஆரோக்கியம் தானாக வந்துவிடும் என்று நம்புகிற எவருக்கும் கிரேக்கத்தைத்தான் உதாரணமாகக் காட்டுவேன். அந்த வகையில் அவர்களின் எண் பொருந்தாவிட்டாலும் அவர்கள் பட்டது நமக்குப் பாடம்தான். புதிதாகக் கல்லூரிகளை மட்டும் திறந்துகொண்டே போகும் நாம் அதைப் படிக்கலாம்.

பல்லை எண்ணுவது என்றதும் அரிஸ்டாட்டில் நினைவுக்கு வராமல் போகாது. ஆணுக்குப் பெண்ணைவிடப் பற்கள் அதிகம் என்று எழுதி வைத்தவர் அவர். ஆட்டுக்கும் பன்றிக்கும் அப்படியே என்றார். எண்ணிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும் காரியம் என்று அவரைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அந்தக் கேலியில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அவர் ஒருவேளை எண்ணியுமிருக்கலாம். பிரசவமும் பட்டினியும் ஈறு நோயும் கண்ட நான்கைந்து பெண்களின் வாயைப் பார்த்து எண்ணியிருந்தால் குறைவாகத்தான் இருந்திருக்கும். எந்த வாய்களை எண்ணுகிறோம் என்பதில்தான் கோளாறு. எண்பது வயதுப் பெண்களுக்கும் ஞானப்பல் முளைத்ததுண்டு என்று எழுதியவரும் அவரேதான், அது நல்ல கவனிப்பு. சொல்ல மறந்தேன், நாம் ஞானப்பல் என்பதைப் பழைய கிரேக்கரும் விவேகத்தோடு சேர்த்தே பெயரிட்டார்கள், இன்றைய கிரேக்க மொழியிலும் அதன் பெயர் அப்படியே.

கேள்வித்தாள் ஆய்வுகள் இன்னொரு ரகம். பல்லால் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று அளக்கும் 14 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உங்கள் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் உருவான நீண்ட கேள்விப் பட்டியலிலிருந்து 1997இல் சுருக்கப்பட்டது, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 மதிப்பெண். அதைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுவந்து, கிரேக்க நோயாளிகளிடம் சரிபார்த்து வெளியிட்ட ஆய்வுகள் உண்டு. இதைப் படிக்கும் மாணவர்கள், "வெறும் மொழிபெயர்ப்புதானே, இதற்கு ஓர் ஆய்வா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். தமிழில் செய்து பாருங்கள், தெரியும். பல்லால் "சங்கடப்பட்டதுண்டா" என்று கேட்டால் நம்மூர் அம்மா "எனக்கென்ன சங்கடம்" என்பார். "நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சமாக இருந்ததா" என்று கேட்டுப் பாருங்கள், சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகும். அதே ஆள், அதே பல், மதிப்பெண் மட்டும் வேறு. ஆகவே கிரேக்கரிடம் கிடைத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சரிபார்த்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"கிரேக்கர்களின் வாயில் என்ன தனி" என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு நோய்களைத் தவிர. 1930 நவம்பரில் ஏதென்ஸ் மருத்துவச் சங்கத்தில் பெனடிக்டோஸ் அடமாண்டியாடிஸ் என்ற கண் மருத்துவர் ஓர் இளைஞனின் நோயை விவரித்தார். இருபது வயது. கண்ணுக்குள் திரும்பத் திரும்பச் சீழ், வாயில் புண், பிறப்புறுப்பில் புண், காலில் இரத்தக்குழாய் வீக்கம், மூட்டு வீக்கம். எல்லாம் ஒரே நோயின் முகங்கள் என்பது அவர் கருத்து. 1937இல் இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலுசி பெஷெட் தம் நோயாளிகளைப் பற்றி எழுத, உலகம் அதைப் பெஷெட் நோய் என்றது. கிரேக்க மருத்துவர்கள் இன்றும் அடமாண்டியாடிஸ்–பெஷெட் என்று எழுதுவதுண்டு. மத்தியதரைக் கடலிலிருந்து ஜப்பான் வரை பழைய பட்டுப் பாதை நெடுகக் காணப்படும் நோய் இது. பலருக்கு முதல் அறிகுறி வாய்ப்புண். அதனால் திரும்பத் திரும்ப வாய்ப்புண் என்று வருபவரிடம் "கண் சிவந்து வலித்ததுண்டா?" என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை போகாமல் காக்கும் கேள்வி அது.

இன்னொன்று தலசீமியா, இரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத பரம்பரை நோய். பெயரிலேயே கிரேக்கக் கடல் இருக்கிறது. கிரேக்கத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள். கடும் வகையில் மஜ்ஜை பெருத்து மேல்தாடை முன்தள்ளும். மண்ணீரல் எடுத்தவருக்குப் பல் பிடுங்குமுன் தொற்று பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும். இந்த நோயாளிகளின் எலும்பு மெலிவுக்கும் ஸோலெட்ரோனிக் அமிலம் கொடுப்பதுண்டு என்பதால், மேலே சொன்ன தாடைக் கதை இங்கேயும் தொடர்கிறது.

பெரியம்மாவுக்குச் செய்ய வேண்டியது இதுதான். மருத்துவர் எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருந்தின் பெயர் பல் மருத்துவரின் கண்ணில் பட வேண்டும். முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுக்கட்டும். காப்பாற்ற முடியாத பல் எதுவானாலும் இப்போதே பிடுங்கிவிட்டு, ஈறு மூடும்வரை இரண்டு மூன்று வாரம் ஊசியைத் தள்ளிவைக்க முடியுமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அவசரம் என்று அவர் சொன்னால் அவர் சொல்லே கடைசி. ஊசி தொடங்கிய பிறகு பல் வலித்தால் பிடுங்குவதைவிட வேர் சிகிச்சை மேல். பல் உடைந்தே போனாலும், மேற்பகுதியைச் சீவிவிட்டு வேரை உள்ளேயே விட்டு வைப்பதும் ஒரு வழி. டெல்ஃபியில் அப்போலோ கோயிலில் ஈயத்தால் செய்த பல் பிடுங்கும் குறடு ஒன்று வைக்கப்பட்டிருந்ததாகப் பழைய மருத்துவக் குறிப்பு உண்டு. ஈயம் வளையும். வளையும் குறட்டுக்கே வந்துவிடும் அளவுக்கு ஆடுகிற பல்லை மட்டும் தொடு என்பது அதன் பொருளாம். இந்த ஊசி போடுபவரின் வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறடு ஞாபகம் வரும்.

மிச்சம் இருப்பது மஸ்தகி. நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் பொட்டலத்தில் மடித்துத் தரும் அந்த வெளிர்மஞ்சள் மணிகள், ஏஜியன் கடலில் கியோஸ் தீவின் தென்பகுதியில் விளைபவை. கோடையில் மரப்பட்டையைக் கீறி, அடியில் வெள்ளைச் சுண்ணப் பொடியைப் பரப்பி வைப்பார்கள். பிசின் சொட்டி அதன்மேல் விழுந்து இறுகும். அந்தச் சொட்டைக் கண்ணீர்த் துளி என்கிறார்கள். 2014இல் இந்தச் சாகுபடி மரபை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மெல்லுவதைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லின் உறவுதான் அந்தப் பெயரே.

பல்லுக்கு நல்லதா என்றால், ஓரளவு ஆதாரம் உண்டு. பல்லில் படியும் அழுக்கும் சொத்தைக் கிருமியும் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் 2003இல் ஜப்பானிலிருந்தும் 2006இல் துருக்கியிலிருந்தும் வந்தன. கிரேக்கச் சரக்கு, ஆனால் மென்ற வாய்கள் கிரேக்கருடையவை அல்ல! எதை மென்றாலும் உமிழ்நீர் பெருகி வாய் கொஞ்சம் சுத்தமாகும் என்பதால், துருக்கிக்காரர்கள் மெழுகை மெல்லச் சொல்லி ஒப்பிட்டார்கள். அந்த எச்சரிக்கைக்காகவே எனக்கு அந்த ஆய்வைப் பிடிக்கும். என்றாலும் ஆட்கள் சிலர், நாட்கள் சில. ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் ஆசைக்கு மென்றால் நான் தடுக்க மாட்டேன்.

பெரியம்மாவுக்கு வேண்டாம். கீழ்த்தாடையில் பல்செட் போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மஸ்தகி முதலில் கடகடவென்று உடையும், பிறகு பசையாக இழுக்கும். அந்த இழுப்பில் பல்செட் அசைந்து ஈற்றைத் தேய்க்கும். ஏதென்ஸ் கணக்கில் புண் வந்தவர்களின் பட்டியலில் பல் பிடுங்கியவர்களோடு பல்செட்காரர்களும் இருந்தார்கள். பல் மருத்துவரிடம் போகும்போது அந்தச் செட்டையும் கொண்டுபோய், உள்பக்கம் எங்காவது அழுத்துகிறதா என்று பார்த்துத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கட்டும்.